டியூ என்றால் பாக்கியா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு ஒரே வாரத்தில் மூன்று இடத்திலிருந்து 'டியூ' வந்திருக்கிறது. வங்கியிலிருந்து 'யுவர் இஎம்ஐ இஸ் டியூ ஆன் ஃபிஃப்த்' என்று குறுஞ்செய்தி. கர்ப்பமாக இருக்கும் தங்கையின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'டியூ டேட்'. அலுவலகத்தில் மேலாளர் கூப்பிட்டு 'யுவர் ப்ரமோஷன் இஸ் டியூ' என்றிருக்கிறார். "நான் எந்த மாதமும் பாக்கி வைத்ததில்லை, அப்புறம் ஏன் வங்கி டியூ என்கிறது? பிரசவத்துக்கும் பாக்கிக்கும் என்ன சம்பந்தம்? இந்தச் சொல்லுக்கு என்னதான் அர்த்தம்?" என்று கேட்கிறார்.

டியூ என்றால் பாக்கி இல்லை. 'சேர வேண்டியது', 'வர வேண்டியது', 'உரியது' என்ற மூன்றில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், எங்கேயும் பொருந்தும். ஐந்தாம் தேதி வங்கிக்குச் சேர வேண்டிய பணம். அக்டோபரில் வர வேண்டிய குழந்தை. உங்களுக்கு உரிய பதவி உயர்வு. மூன்றிலும் யாரும் எதையும் தவறவிடவில்லை. அதற்கான வேளை வந்திருக்கிறது அல்லது வரப்போகிறது. தவறிப்போனால் சொல்வதற்கு ஆங்கிலத்தில் தனியாக 'ஓவர்டியூ' என்று ஒரு சொல் இருக்கிறது.

வங்கியின் கடன் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்தவன் என்பதால் இந்தக் குழப்பத்தை மேசைக்கு எதிரே நிறையப் பார்த்திருக்கிறேன். தவணைக்கு முன்பே குறுஞ்செய்தி அனுப்பும் வழக்கம் எங்கள் கிளையில் புதிதாகத் தொடங்கியிருந்த நேரம். ஒரு ஆட்டோ ஓட்டுநர், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், காக்கிச் சட்டையோடு நேரே வந்து கைபேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"சார், இருபத்திரெண்டு டியூ கட்டிட்டேன். ஒண்ணுகூடத் தவறல. அப்புறம் எதுக்கு டியூன்னு மெசேஜ் விடுறீங்க? எம் பொண்ணு படிச்சுட்டு, ஏம்ப்பா பணம் கட்டலையான்னு கேக்குது."

"அண்ணே, இது வர்ற பத்தாம் தேதிக்குச் சொல்றது. கட்டலைன்னு சொல்லல."

"கட்டாதவனுக்குத்தானே சார் டியூன்னு போடணும்?"

அவர் சொன்னதில் ஒரு விஷயம் கவனித்தீர்களா? 'இருபத்திரெண்டு டியூ கட்டிட்டேன்' என்றபோது அவருக்கு டியூ என்றால் தவணை. அடுத்த மூச்சிலேயே 'டியூன்னு மெசேஜ்' என்றபோது அது பாக்கி ஆகிவிட்டது. குறுஞ்செய்தி சொன்னதோ இரண்டும் இல்லை. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் டியூ என்பது எப்போதோ தமிழ்ச் சொல்லாகிவிட்டது, அதற்கென்று சொந்த இலக்கணமும் வந்துவிட்டது. 'வண்டிய டியூல எடுத்தேன்', 'மாசம் நாலாயிரம் டியூ', 'ரெண்டு டியூ நிக்குது', 'டியூ முடிஞ்சிருச்சு, புக்கு கைக்கு வந்துருச்சு', 'டியூக்காரன் வந்து வாசல்ல நிக்கிறான்'. இத்தனையும் நல்ல தமிழ். இதை யாரும் திருத்தத் தேவையில்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இந்தத் தமிழ் டியூவை அப்படியே தூக்கி ஆங்கில வாக்கியத்தில் வைக்கும்போதுதான். 'ஐ பாட் திஸ் பைக் இன் டியூ' என்றால் வெளியூர்க்காரருக்குப் புரியாது. 'ஆன் இன்ஸ்டால்மென்ட்ஸ்' அல்லது இந்தியாவுக்குள் 'ஆன் இஎம்ஐ' என்று சொல்ல வேண்டும். 'ஐ ஹாவ் பெய்ட் த்ரீ டியூஸ்' என்பதும் அப்படித்தான். மூன்று இன்ஸ்டால்மென்ட் என்றால் சரி. ஆங்கிலத்தில் 'டியூஸ்' என்று பன்மையில் வந்தால் பெரும்பாலும் சங்கத்துக்கோ மன்றத்துக்கோ கட்டும் சந்தா, இல்லையென்றால் மொத்தமாகச் செலுத்த வேண்டிய தொகை. கல்லூரி முடிக்கும்போது 'நோ டியூஸ்' வாங்க நூலகம், ஆய்வகம், விடுதி மெஸ் என்று ஒவ்வொரு கையெழுத்துக்கும் அலைந்திருப்பீர்களே, அது இந்த இரண்டாவது பொருள். உங்களிடமிருந்து எங்களுக்கு வர வேண்டியது ஒன்றுமில்லை என்ற சீட்டு.

தமிழில் இதற்கெல்லாம் தனித்தனிச் சொல் இருக்கிறது. பிரித்துக் கட்டுவது தவணை. கடைசி நாள் கெடு. கெடு தாண்டியும் கட்டாமல் நிற்பது நிலுவை அல்லது பாக்கி. ஆங்கில 'டியூ' கெடுவுக்கு முன்னாலும் இருக்கும், கெடுவன்றும் இருக்கும். கெடு கழிந்த பிறகு அதற்கு 'ஓவர்டியூ' என்று பெயர் மாறுகிறது.

இந்தப் பெயர் மாற்றம் வங்கியில் வெறும் சொல் விளையாட்டு இல்லை. வங்கி குறித்த தேதியில் கட்டப்படாத தொகை ஓவர்டியூ என்பதுதான் ரிசர்வ் வங்கியின் இலக்கணம். 2021 நவம்பரில் வந்த ஒரு சுற்றறிக்கையில் அதை நாள் கணக்கோடு விளக்கியிருந்தார்கள். தவணை நாள் மார்ச் 31 என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று இரவு வங்கி நாள்கணக்கை முடிக்கும்வரை அந்தத் தொகை டியூ. கணக்கை முடிக்கும்போதும் பணம் வரவில்லையென்றால், அதே மார்ச் 31-ஆம் தேதி போட்டே அது ஓவர்டியூ ஆகிவிடும். ஏப்ரல் 30 வரை அப்படியே நின்றால் கண்காணிப்புப் பட்டியலில் அடுத்த படி, மே 30-இல் அதற்கடுத்த படி, ஜூன் 29-இல் 90 நாள் முடிந்து வாராக்கடன். 'ஒரு நாள்தானே சார்' என்று சொல்பவர்களிடம் நான் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன். அதே நேரம் உங்களைப் போல ஒழுங்காகக் கட்டுகிறவருக்கு ஐந்தாம் தேதிக்கு முன்னால் வரும் 'டியூ' செய்தி வெறும் நினைவூட்டல். பத்திரிகை கொடுத்தவர் கல்யாணத்துக்கு முதல் நாள் போன் செய்து 'நாளைக்கு வந்துடுங்க' என்பதைப் போல. நீங்கள் வராமல் போய்விட்டதாக யாரும் சொல்லவில்லை.

கிரெடிட் கார்டு பில்லில்தான் இந்தச் சொல் உண்மையாகவே ஆளைக் கவிழ்க்கும். அதில் இரண்டு டியூ அச்சாகியிருக்கும்: 'டோட்டல் அமவுண்ட் டியூ', 'மினிமம் அமவுண்ட் டியூ'. மொத்தம் 20,000 ரூபாய் என்றால் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்பது போல இருக்கும். டியூவைப் பாக்கி என்றோ தவணை என்றோ புரிந்துகொண்டவர், 'இந்த மாதத் தவணை ஆயிரம்' என்று அதைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவார். வங்கிக்குச் சேர வேண்டியது 20,000-மும்தான். அந்த ஆயிரம் தாமதக் கட்டணம் விழாமலும் பெயர் கெடாமலும் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே. மீதித் தொகைக்கு வட்டி ஓடும். புதிதாக வாங்கும் பொருளுக்குக் கிடைத்துவந்த வட்டியில்லா நாட்களும் போய்விடும். பல அட்டைகளில் இந்த வட்டி ஆண்டுக்கு 40 சதவீதத்தை ஒட்டியோ தாண்டியோ நிற்கிறது. கந்துவட்டி என்று ஊரில் திட்டுகிறோமே, அதற்கு அதிக தூரமில்லை. பில்லைத் தமிழில் அச்சடித்தால் 'சேர வேண்டிய மொத்தத் தொகை' என்று போட்டு, அதன் கீழே 'தண்டம் தவிர்க்கக் கட்ட வேண்டிய குறைந்த தொகை' என்று போடலாம். போட மாட்டார்கள்.

அப்புறம் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், தமிழருக்கு இது அந்நியமான கருத்தே இல்லை என்று தெரியும். லத்தீனில் 'டெபேரே' என்று ஒரு வினை. கடன்பட்டிருப்பது என்று பொருள். அதைப் பிரித்தால் 'ஒருவரிடமிருந்து பெற்றுக் கையில் வைத்திருப்பது' என்று வரும். பிறர் பொருள் நம் கையில் இருக்கிறது, அது அவருக்குச் சேர வேண்டும். அந்த வினை பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து பல கிளையாகப் பிரிந்தது. டெபிட் அதிலிருந்து வந்தது. கடன் என்ற பொருளில் வரும் 'டெட்' அதிலிருந்து வந்தது. (அதன் எழுத்துக் கூட்டலில் உச்சரிக்காத ஒரு 'பி' இருக்கும். பிரெஞ்சில் அது இல்லை. பின்னால் வந்த அறிஞர்கள் லத்தீன் வேர் தெரியட்டும் என்று திணித்தது. பள்ளிக்கூடத்தில் அதற்காக அடி வாங்கியவர்கள் யாரைத் திட்டுவது என்று தெரிந்துகொள்ளலாம்.) டியூ அதே வேர். கடமை என்ற பொருளில் வரும் 'டியூட்டி'யும் அதே வேர்.

இப்போது தமிழுக்கு வாருங்கள். நம்மிடம் 'கடன்' என்று ஒரே சொல்தான். அது வாங்கிய பணமும்தான், செய்ய வேண்டிய கடமையும்தான். புறநானூற்றில் பொன்முடியார், 'ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே' என்று தாய் சொல்வதாகப் பாடுகிறார். பெற்று வளர்ப்பது என் பொறுப்பு என்று அர்த்தம். யாரிடமோ வாங்கிய தொகை இல்லை. அப்பர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். கடம்பூர் ஈசனைப் பாடும்போது 'தன்கடன் அடியேனையும் தாங்குதல், என்கடன் பணிசெய்து கிடப்பதே' என்கிறார். இரண்டாவது பாதியை மேடையில் எல்லோரும் சொல்வார்கள். முதல் பாதியைச் சேர்த்துப் படித்தால்தான் டியூ என்ற சொல்லின் ருசி கிடைக்கும். கடவுளுக்கு என்னிடமிருந்து வர வேண்டியது ஒன்று, எனக்குக் கடவுளிடமிருந்து வர வேண்டியது ஒன்று. காலைக்கடன், நேர்த்திக்கடன், நீர்க்கடன் என்று நாம் அன்றாடம் சொல்வதெல்லாம் இந்தப் பொருளில்தான். நேர்த்திக்கடன் செலுத்தப் பழனிக்கு நடந்து போகிறவரைப் பார்த்து, 'எத்தனை மாசம் பாக்கி?' என்று யாரும் கேட்பதில்லை.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ஆங்கிலத்தில் டியூட்டி என்றால் கடமை. கஸ்டம்ஸ் டியூட்டி என்றால் வரி. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'கடமை' என்பதும் நிலத்தின் மேல் விதித்த வரி. அரசனுக்குச் சேர வேண்டியது. இரண்டு மொழியும் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கவில்லை. தனித்தனியாக யோசித்து ஒரே இடத்தில் வந்து நின்றிருக்கின்றன.

சரி, தங்கையின் ஸ்கேன் ரிப்போர்ட். 'டியூ டேட்' என்பது குழந்தை வர வேண்டிய நாள். வீட்டில் 'டாக்டர் தேதி குடுத்திருக்காங்க' என்று சொல்வோமே, அதேதான். கணக்கு எளிது. கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம். விரல் விட்டுப் பார்க்க ஒரு குறுக்குவழி உண்டு: அந்தத் தேதியோடு ஏழு நாளைக் கூட்டி, மூன்று மாதம் பின்னால் போய், அடுத்து வரும் அந்தத் தேதியை எடுத்துக்கொள்ள வேண்டும். ஜனவரி 10 என்றால் ஏழு கூட்டி 17, மூன்று மாதம் பின்னால் போனால் அக்டோபர். ஆக அக்டோபர் 17. நேகலே என்ற ஜெர்மானிய மருத்துவரின் பெயரில் வழங்கும் முறை இது. 28 நாள் சுழற்சி ஒழுங்காக இருப்பவருக்கே சரியாக வரும், மற்றவருக்கு ஸ்கேன் பார்த்துத் தேதியை மாற்றுவார்கள். அந்த நாளிலேயே பிறக்கும் குழந்தை கொஞ்சம்தான். 37 வாரம் முடிந்த பிறகு எப்போது வலி எடுத்தாலும் அது குறைமாதம் இல்லை. எனவே ஸ்கேன் டியூவும் வங்கி டியூவும் ஒரே சொல்லானாலும், இதற்குக் கெடு கிடையாது. தேதி தாண்டினால் ஆங்கிலத்தில் இதற்கும் 'ஓவர்டியூ' என்பார்கள்தான், ஆனால் அபராதம் யாரும் போடுவதில்லை. டாக்டர் சொன்ன இடைவெளியில் போய்க் காட்டிக்கொண்டிருந்தால் போதும். ஆங்கிலத்தில் ஆளையே எழுவாயாக வைத்தும் சொல்வார்கள்: 'ஷி இஸ் டியூ இன் அக்டோபர்'. இதைக் கேட்டு 'அவள் அக்டோபரில் பணம் தர வேண்டும்' என்று நினைத்துக்கொண்ட புது ஊழியர் ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் கிளையில் வேலை பார்த்தால் அப்படித்தான் ஆகும்.

பிறந்த பிறகும் இந்தச் சொல் விடாது. தடுப்பூசி அட்டையில் அடுத்த ஊசி 'டியூ' என்று தேதி எழுதுவார்கள். ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம் என்று போகும். கிராமத்தில் சுகாதாரச் செவிலியர் கையில் 'டியூ லிஸ்ட்' என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் உங்கள் குழந்தையின் பெயர் இருந்தால் பதற வேண்டாம். அதில் இருப்பது ஊசி போடாமல் விட்ட குழந்தைகளின் பெயர் மட்டும் இல்லை. இந்த வாரம் முறை வந்திருக்கும் எல்லாக் குழந்தைகளும் இருக்கும். வங்கிச் செய்தியை விளக்க எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இதுதான்.

எழுதும்போது இடறிவிழுகிற இடம் 'டியூ டு'. இதற்கு இரண்டு பொருள். 'த மணி டியூ டு மி' என்றால் எனக்கு வர வேண்டிய பணம். 'த டிலே டியூ டு மி' என்றால் என்னால் ஏற்பட்ட தாமதம். அதே இரண்டு சொல், ஒன்றில் நான் வாங்குகிறவன், மற்றதில் நான் குற்றவாளி. இரண்டும் எப்படிச் சேர்ந்தன? விளைவு என்பது காரணத்துக்குக் கடன்பட்டது என்று ஆங்கிலக்காரன் யோசித்திருக்கிறான். மழையால் தாமதம் என்றால், அந்தத் தாமதம் மழையின் கணக்கில் சேர வேண்டியது. 'ஓயிங் டு' என்று இன்னொன்று இருக்கிறதே, அதிலும் இதே கடன்தான்.

பழைய இலக்கணக்காரர்கள் இதில் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். 'த டிலே வாஸ் டியூ டு ரெயின்' என்று பெயர்ச்சொல்லைத் தழுவி வரலாம். 'டியூ டு ரெயின், வி வேர் டிலேய்ட்' என்று வாக்கியத் தொடக்கத்தில் போடக் கூடாது. 1926-இல் வெளிவந்த ஃபௌலரின் ஆங்கில வழக்கு அகராதியிலேயே இதைக் கண்டித்திருக்கிறார்கள். இன்று யாரும் பொருட்படுத்துவதில்லை, நீங்களும் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் ஒன்றை மட்டும் விடக் கூடாது. 'டியூ டு' வுக்குப் பின்னால் பெயர்ச்சொல்தான் வர வேண்டும், முழு வாக்கியம் வரக் கூடாது. 'டியூ டு ஃபீவர்' சரி. 'டியூ டு ஐ ஹேட் ஃபீவர்' தவறு. அங்கே 'பிகாஸ்' போடுங்கள். 'த ரீசன் இஸ் டியூ டு' என்பதும் தவறு. காரணத்துக்குக் காரணம் சொல்வது போல ஆகிவிடும். தமிழ்நாட்டில் நம் தலைமுறைக்கு 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்ற விடுப்புக் கடிதம் மனப்பாடம் என்பதால் இந்த ஆபத்திலிருந்து ஓரளவு தப்பித்தோம்.

மற்ற முன்னிடைச் சொற்களை விரிக்க வேண்டியதில்லை. நாளுக்கு 'ஆன்', மணிக்கு 'அட்', மாதத்துக்கு 'இன்', இந்தத் தேதிக்குள் என்றால் 'பை'. 'டியூ ஃபார்' மட்டும் கொஞ்சம் வேறு: முறை வந்துவிட்டது என்று பொருள். 'த ஸ்கூட்டர் இஸ் டியூ ஃபார் சர்வீஸ்'. யார் யாருக்குத் தர வேண்டும் என்பதைக் கணக்குப் புத்தகத்தில் 'டியூ ஃப்ரம்', 'டியூ டு' என்று இரண்டாகப் பிரிப்பார்கள். நம் பழைய மளிகைக்கடை நோட்டில் 'வர வேண்டியது', 'தர வேண்டியது' என்று இரண்டு பக்கம் இருக்குமே, அதுதான்.

'வித் டியூ ரெஸ்பெக்ட்' என்று யாராவது தொடங்கினால் அடுத்து மரியாதை வரப்போவதில்லை என்று அர்த்தம். நேராகப் பெயர்த்தால் 'உரிய மரியாதையுடன்'. புழக்கத்தில் அதன் தமிழ், 'தப்பா எடுத்துக்காதீங்க, ஆனா...'. வழக்கறிஞர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். மரியாதையின் அளவு கூடக்கூட மறுப்பின் காரமும் கூடும். 'வித் த கிரேட்டஸ்ட் ரெஸ்பெக்ட்' என்று கேட்டால் எதிர்த்தரப்பு வாதம் குப்பைக்குப் போயிற்று என்று கொள்ளலாம்.

சட்டம் என்றதும் 'டியூ பிராசஸ்' நினைவுக்கு வருகிறது. செய்தித்தாளில் அடிக்கடி அடிபடும் சொல். ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ சொத்தையோ அரசு பறிப்பதற்கு முன் அவருக்குச் சேர வேண்டிய நியாயமான நடைமுறை. இங்கிலாந்தில் 1354-இலேயே சட்டத்தில் ஏறிவிட்டது. அமெரிக்க அரசியல் சட்டத்திலும் இருக்கிறது. நம் அரசியல் நிர்ணய சபையில் இந்தச் சொல் வரைவில் இருந்து, பிறகு நீக்கப்பட்டது. ஆலோசகராக இருந்த பி.என்.ராவ் அமெரிக்கா போய் நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்துவிட்டு வந்தது அதற்கு ஒரு காரணம். 21-ஆம் பிரிவில் 'சட்டம் வகுத்த நடைமுறை' என்று மட்டும் நின்றது. இந்த வித்தியாசம் முதலில் உரசிப் பார்க்கப்பட்டது சென்னை மாகாண வழக்கில்தான். தடுப்புக்காவலில் வைக்கப்பட்ட கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் 1950-இல் உச்சநீதிமன்றம் போனார். சட்டம் இயற்றி ஒரு நடைமுறையை எழுதிவிட்டால் போதும், அது நியாயமானதா என்று நாங்கள் பார்க்க மாட்டோம் என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. 1978-இல் மேனகா காந்தி வழக்கில்தான் நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று வந்தது. 'டியூ' இல்லை என்ற தீர்ப்புக்கும் அதன் பொருளைத் திரும்பக் கொண்டுவந்த தீர்ப்புக்கும் நடுவில் 28 வருடம்.

'டியூ டிலிஜன்ஸ்' அவ்வளவு கனமில்லை. இடம் வாங்குவதற்கு முன் வில்லங்கச் சான்று போட்டு, தாய்ப்பத்திரம் பார்த்து, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று சரிபார்த்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் தகராறு ஏதும் உண்டா என்று விசாரிப்போமே, அந்த 'பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடுவது'. நிறுவனம் வாங்குகிறவர்கள் இதையே பெரிய பெயரில் பல லட்சம் கொடுத்துச் செய்கிறார்கள்.

'டியூ நார்த்' என்றால் நேர் வடக்கு. கொஞ்சமும் சாயாத வடக்கு. 'கிவ் த டெவில் ஹிஸ் டியூ' என்றால் பிடிக்காத ஆளானாலும் அவனுக்குச் சேர வேண்டிய பாராட்டைக் கொடு என்பது. ஒருவர் 'பெய்ட் ஹிஸ் டியூஸ்' என்றால் அவர் கடனை அடைத்தார் என்று நினைத்துவிடாதீர்கள். அடிமட்டத்திலிருந்து அடிபட்டு மேலே வந்தவர் என்கிறார்கள். உச்சரிப்பில் பனித்துளி என்ற பொருளுள்ள 'ட்யூ'வும் இதுவும் ஒன்று, எழுத்துதான் வேறு. அமெரிக்கர்கள் 'டூ' என்று முடித்துவிடுவார்கள்.

ஆட்டோக்கார அண்ணனுக்கு நான் அன்று லத்தீனும் அப்பரும் சொல்லவில்லை. "அண்ணே, உங்க வண்டிக்கு எஃப்.சி. எப்ப வருது?" என்று கேட்டேன். "ஆகஸ்ட்ல" என்றார். "இன்னும் வரலையே, இப்பவே ஏன் ஆகஸ்ட்னு ஞாபகம் வச்சிருக்கீங்க?" கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "சரி சார், அப்ப பத்தாம் தேதின்னு மட்டும் போட்டு விடுங்க. டியூன்னு போடாதீங்க. பொண்ணு பயப்படுது." நியாயமான கோரிக்கை. தலைமை அலுவலகத்துக்கு எழுதியும் பார்த்தேன். 'உரிய காலத்தில் பரிசீலிக்கப்படும்', அதாவது 'இன் டியூ கோர்ஸ்', என்று பதில் வந்தது. நான் ஓய்வு பெறும்வரை செய்தி மாறவில்லை.

அதனால்தான் உங்கள் மூன்றாவது டியூவைக் கடைசியாக வைத்தேன். மேலாளர் 'யுவர் ப்ரமோஷன் இஸ் டியூ' என்றது நல்ல செய்திதான். உங்களுக்குத் தகுதி வந்துவிட்டது, உங்கள் முறை வந்துவிட்டது என்று ஒத்துக்கொள்கிறார். ஆனால் அந்த வாக்கியத்தில் 'ஆன்' என்று தொடங்கும் தேதி எதுவும் இல்லை பாருங்கள். வங்கி ஐந்தாம் தேதி என்று குறிப்பிட்டிருக்கிறது, டாக்டரும் ஒரு தேதி எழுதிக்கொடுத்திருக்கிறார். 'எந்த மாதம் சார்?' என்று மேலாளரையும் கேட்டுவிடுங்கள். 'இன் டியூ கோர்ஸ்' என்று பதில் வந்தால் வேறு இடத்திலும் விண்ணப்பம் போட்டு வையுங்கள்.